காற்று நின்றால்தான் கப்பல்: நியூஃபவுண்ட்லாந்துக்குத் தனியே போய்வந்த அனுபவம்

ரொறன்ரோவில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு, கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவு என்றவுடன் 1986ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வரும். அவ்வாண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி, அத்தீவின் தென்முனையிலுள்ள சென் ஷொட்ஸ் என்ற மீனவக் கிராமத்துக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அலைந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழ் அகதிகளை உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றினார்கள். அச்சம்பவத்தைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியும் பேசியும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கரையை ஒருமுறை பார்த்துவர விரும்பும் ஒருவர் எப்படிப் போவது, எங்கே மாட்டிக்கொள்வார், எவ்வளவு செலவாகும் என்பதைத் தமிழில் எழுதி வைத்தவர் எவரையும் நான் தேடிக் காணவில்லை. கடந்த கோடையில் தனியாகக் காரில் புறப்பட்டு, பணத்தையும் நித்திரையையும் வழியில் தொலைத்துவிட்டு, ஆயினும் போன காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தீவு என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு நாள்களில் சுற்றிவந்துவிடலாம் என்று நமக்குத் தோன்றும். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மட்டும் ஏறத்தாழ 109,000 சதுர கிலோமீற்றர். பெருநிலத்திலுள்ள லாப்ரடோர் பகுதியையும் சேர்த்து அம்மாகாணத்தின் மக்கள்தொகையோ 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 510,550 பேர்தான். தென்மேற்கு மூலையிலுள்ள போட்-ஓ-பாஸ்க் துறைமுகத்திலிருந்து கிழக்குக் கரையிலுள்ள தலைநகர் சென் ஜோன்ஸுக்கு நெடுஞ்சாலையில் 900 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். இடையில் மரமும் பாறையும் குளமும்தான் கூடவரும். விமானத்தில் நேரே தலைநகருக்குப் போகலாம் என்றாலும், கோடையில் அங்கே வாடகைக்குக் கார் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை மலைக்க வைக்கிறது. அதனால்தான் ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் ஓட்டி, நோவா ஸ்கோஷியாவின் நோர்த் சிட்னிக்குப் போய், அங்கிருந்து காரோடு கப்பலேறுவது என்று முடிவு செய்தேன். நோர்த் சிட்னியிலிருந்து இரண்டு கடல்வழிகள் உள்ளன. போட்-ஓ-பாஸ்க் செல்லும் குறுகிய வழிக்கு ஏறத்தாழ 7 மணித்தியாலம் ஆகும். ஆண்டு முழுவதும் கப்பல் ஓடும். ஆர்ஜென்ஷியா செல்லும் நீண்ட வழிக்கு ஏறத்தாழ 16 மணித்தியாலம் ஆகும். கோடைகாலத்தில் மட்டுமே ஓடும். போகும்போது குறுகிய வழியிலும் திரும்பும்போது நீண்ட வழியிலும் வந்தால், தீவைக் குறுக்கே ஒருமுறை கடப்பதோடு ஓட்டம் முடிந்துவிடும். என் திட்டத்தில் கடைசிவரை சரியாக அமைந்தது இந்த ஒன்றுதான்.

யூன் மாதத்தின் பிற்பகுதியில் ஒரு மாலை நோர்த் சிட்னி துறைமுகத்தை அடைந்தேன். கார்கள் வரிசையாக நின்றன; வானத்தில் மேகம்கூட அதிகமில்லை. இரவு எட்டு மணியளவில், காற்று காரணமாகக் கப்பல் புறப்படாது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலையென்று சொன்னது பிற்பகலுக்குப் போயிற்று. பிற்பகல் என்றது மீண்டும் இரவுக்குப் போயிற்று. கரையில் நிற்கும் எனக்குச் சட்டை படபடக்கும் அளவுக்கு மட்டுமே தெரிந்த காற்று, நடுக்கடலில் பல மீற்றர் உயர அலையாக நிற்கிறது என்பதைப் பக்கத்து வரிசையில் நின்ற கனரக வாகனச் சாரதி ஒருவர்தான் விளக்கினார். அவருடைய வண்டியில் இருந்தவை காய்கறிகள். இப்படி இரண்டொரு நாள் கப்பல் நின்றால் தீவிலுள்ள கடைகளில் தட்டுகள் காலியாகிவிடும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கோ அது சாதாரணமாக இருக்கவில்லை. அயலில் தொலைபேசியில் அழைத்த விடுதிகள் எல்லாம், எனக்கு முன்பே அறிவித்தலைக் கேட்டவர்களால் நிரம்பிவிட்டன. காரின் ஆசனத்தைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். தனியாகப் பயணம் செய்பவனுக்கு இப்படியான இரவில் பயத்தைவிட எரிச்சலே மிகுதியாக வருகிறது. யாரோடும் பகிர முடியாத எரிச்சல் மேலும் கனக்கிறது.

இழந்த பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குறோஸ் மோர்ன் தேசியப் பூங்காவுக்கு அருகில் திருப்பித் தராத நிபந்தனையோடு பதிவு செய்திருந்த அறையும், அங்கே ஏறவிருந்த படகுச் சவாரியின் கட்டணமும், கூடுதல் உணவும் சேர்ந்து ஏறத்தாழ 700 டொலர் கையைவிட்டுப் போயிற்று. என் கடனட்டையோடு வந்த பயணக் காப்புறுதி கைகொடுக்கும் என்று நம்பி அழைத்தேன். அது விமானத் தாமதத்துக்கு மட்டுமே பொருந்தும், கப்பலுக்கும் வானிலைக்கும் பொருந்தாது என்ற பதில் மிக மரியாதையாக வந்தது. ஆகவே, கப்பலிலிருந்து இறங்கும் நாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும், முதல்நாள் வரை இரத்துச் செய்யக்கூடிய அறையையே எடுங்கள். பத்துப் பதினைந்து டொலர் கூடினாலும் பரவாயில்லை. காப்புறுதிப் பத்திரத்தில் கப்பல் என்ற சொல் இருக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். நோர்த் சிட்னிக்கு வந்துசேரும் முன்பே, வழியில் நின்று கப்பல் நிலவரத்தைக் கேட்டுவிட்டு, சந்தேகமென்றால் அங்கேயே அறை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டத்தின் நடுவில் ஒன்றும் எழுதாத ஒரு நாளை விட்டு வையுங்கள். அங்கே நாள்குறிப்பை எழுதுவது காற்றும் மூடுபனியும்தான்.

கப்பல் ஒருவழியாகப் புறப்பட்டபோது இன்னொன்று தெரிந்தது. கப்பல் ஓடும் நேரம் முழுவதும் கார் நிற்கும் தளம் பூட்டப்பட்டிருக்கும். இறங்கிப்போய் எதையும் எடுக்க முடியாது. மருந்து, கம்பளிச் சட்டை, கைபேசி மின்னேற்றி, கட்டிக்கொண்டுவந்த சோறு எல்லாவற்றையும் ஏறும்போதே கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரவுக் கப்பலென்றால் படுக்கையறையை மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டும், இல்லாவிட்டால் சாய்நாற்காலிதான். கைக்கடிகாரத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். நியூஃபவுண்ட்லாந்தின் நேரம் நோவா ஸ்கோஷியாவை விட அரை மணித்தியாலமும் ரொறன்ரோவை விட ஒன்றரை மணித்தியாலமும் முந்தியது. அரை மணிக் கணக்கோடு வளர்ந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது என்பது ஒரு சிறு ஆறுதல்.

போட்-ஓ-பாஸ்க்கில் இறங்கியவுடன் கரையோரத்தில் வீடுகளில்லாத வெற்று நிலங்கள் கண்ணில் படும். 2022 செப்ரெம்பர் 24ஆம் திகதி ஃபியோனா என்ற புயல் பல வீடுகளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்ட இடம் அது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் ரெக்ஹவுஸ் என்ற பகுதி வருகிறது. மலையிலிருந்து சரிந்திறங்கும் தென்கிழக்குக் காற்று அங்கே முற்காலத்தில் புகையிரதப் பெட்டிகளையே தண்டவாளத்திலிருந்து தள்ளிவிட்டிருக்கிறது. அதனால் லொக்கி மக்டூகல் என்ற உள்ளூர்வாசியைப் புகையிரதத் திணைக்களம் ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. அவர் காற்றின் போக்கைக் கணித்து, இன்று வண்டியை விடலாம், விடக்கூடாது என்று அறிவிப்பார். 1965இல் அவர் காலமானார். 1988இல் தீவின் புகையிரதமே நின்றுவிட்டது. ஆனால் காற்று நிற்கவில்லை. உயரமான வாகனத்திலோ கூடாரவண்டியை இழுத்துக்கொண்டோ போகிறவர்கள், ரெக்ஹவுஸ் காற்று எச்சரிக்கையைக் கேட்காமல் அந்தச் சாலையில் ஏறக்கூடாது.

நான் இறங்கியது பொழுது சாயும் வேளை. விட்ட நேரத்தைப் பிடிக்க இரவோடிரவாக ஓட்டிவிடுவோம் என்ற எண்ணம் வரும்; அதற்கு இணங்கவே கூடாது. காரணம் மூஸ் என்ற பெரிய மான். அது இத்தீவின் பூர்வீக விலங்கும் அல்ல. 1904இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட நான்கு மூஸ்களின் வழித்தோன்றல்கள் இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகின்றன. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான விபத்துகள் நேர்கின்றன. மூஸின் கால்கள் உயரமானவை. கார் மோதினால் கால்கள் முறிந்து, பல நூறு கிலோ உடல் முன்கண்ணாடியின் மேல் விழும். அதன் கண்கள் காரின் விளக்கு வெளிச்சத்துக்கு மேலே இருப்பதால் மற்ற விலங்குகளின் கண்களைப்போல் இருளில் மின்னுவதில்லை, உடலும் கருமை. மாலை மங்கியதிலிருந்து விடியும்வரை நெடுஞ்சாலையில் இருக்கக்கூடாது என்று பெற்றோல் நிலையத்துப் பெண் சொன்னதைக் கேட்டு, அருகிலேயே தங்கினேன். மறுநாள் காலை, சாலையோரத்துப் பற்றையிலிருந்து ஒரு பெண் மூஸ் தன் கன்றோடு ஆறுதலாகச் சாலையைக் கடந்தபோது, காரை நிறுத்திவிட்டுக் கைநடுக்கம் தீரும்வரை அங்கேயே இருந்தேன்.

தாமதத்தால் வடக்குப் பயணம் முழுவதையும் வெட்டவேண்டியிருந்தது. வட முனையில் லான்ஸ்-ஓ-மெடோஸ் என்ற இடத்தில், கொலம்பஸுக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே வைக்கிங்குகள் வீடு கட்டி வாழ்ந்த தடயம் உள்ளது. ஜோர்ஜ் டெக்கர் என்ற உள்ளூர் மீனவர் புல்மூடிய மேடுகளைக் காட்ட, நோர்வேயைச் சேர்ந்த ஹெல்கே இங்ஸ்டாட் 1960இல் அதைக் கண்டறிந்தார். அவருடைய மனைவி அன்னெ ஸ்டைன் அகழாய்வை நடத்தினார். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்று பின்னர் நிறுவப்பட்டுள்ளது. அதைப் பார்க்காமல் திரும்பியது எனக்கு 700 டொலரைவிடப் பெரிய இழப்பு. குறோஸ் மோர்னில் எஞ்சிய நேரத்தில் டேபிள்லாண்ட்ஸுக்கு மட்டும் போனேன். ஒருபுறம் பச்சைக் காடு. எதிரே மஞ்சளும் செம்மையும் கலந்த மொட்டை மலை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கவேண்டிய மூடகப் பாறை, கண்டத்தட்டுகள் மோதியபோது மேலே தள்ளப்பட்டு அங்கே கிடக்கிறது. அதிலுள்ள உலோகங்கள் செடிகளுக்கு ஒவ்வாதவை என்பதால்தான் அந்த வெறுமை. நிலவியல் தெரியாதவர்களும் ஒரு மணித்தியாலம் நடந்தால் விளங்கிக்கொள்ளக்கூடிய இடம். படகுச் சவாரி கைநழுவினாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

அங்கிருந்து கிழக்கே ஓடிய நெடும்பாதையில் காண்டர் வருகிறது. 2001 செப்ரெம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது 38 பயணிகள் விமானங்கள் இறங்கிய ஊர். பத்தாயிரம் பேரளவில் வாழ்ந்த ஊரும் அயல் கிராமங்களும் 6,500க்கும் மேற்பட்ட அந்நியர்களுக்கு நாள்கணக்கில் சோறும் படுக்கையும் கொடுத்தன. ட்விலிங்கேற்றுக்குப் பனிப்பாறை பார்க்கப் போகிறவர்கள் மே மாதத்திலோ யூன் முற்பகுதியிலோ போகவேண்டும். எனக்குக் கிடைத்தது தூரத்தில் உடைந்து மிதந்த ஒரு சிறு துண்டு. அந்த வழியில் பொய்ட்ஸ் கோவ் என்ற இடத்தில் நிறுத்துங்கள். இத்தீவின் ஆதிக்குடிகளான பியோதுக் மக்கள் வாழ்ந்த ஊரொன்று அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. கடலுக்கான வழி ஐரோப்பியரால் அடைபட்டு, பசியாலும் காசநோயாலும் துப்பாக்கியாலும் அம்மக்கள் அழிந்தார்கள். அறியப்பட்ட கடைசிப் பியோதுக் பெண்ணான ஷனாவ்டிதித், 1829இல் சென் ஜோன்ஸில் காசநோயால் இறக்குமுன், தம் மக்களின் வீடுகளையும் நடமாட்டங்களையும் படமாக வரைந்து கொடுத்தார். காட்டுக்குள் நிற்கும் அவருடைய வெண்கல உருவத்துக்கு முன் நான் நெடுநேரம் நின்றேன்.

இக்கரையின் பண்பாட்டை விளங்கிக்கொள்ள கொட் மீனை விளங்கிக்கொள்ள வேண்டும். 1968இல் ஏறத்தாழ 8 லட்சம் தொன் வடகடல் கொட் பிடிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி வெளிநாட்டு இழுவைக் கப்பல்களின் வேட்டை. மீன்வளம் சரிந்து, 1992 யூலை 2ஆம் திகதி மத்திய அமைச்சர் ஜோன் கிராஸ்பி அம்மீன்பிடிக்குத் தடை அறிவித்தபோது ஏறத்தாழ 30,000 பேர் ஒரேயடியாக வேலை இழந்தார்கள். அத்தடை 2024இல்தான் நீக்கப்பட்டது. பாக்குநீரிணையில் இழுவைமடி செய்வதைக் கண்டு வளர்ந்த என்னால் இக்கதையை வேற்றூர்க் கதையாகக் கேட்க முடியவில்லை. கோடையில் குறிப்பிட்ட நாள்களில் பொதுமக்கள் தங்கள் உணவுக்காக, ஆளுக்கு நாளொன்றுக்கு 5 மீன் பிடிக்கலாம். உள்ளூரார் அழைத்தால் தயங்காமல் போய்வாருங்கள். உணவகங்களில் கொட் நாக்கைப் பொரித்து, உப்புப் பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தருவார்கள். கொழுப்பு வேண்டாமென்றால் முன்பே சொல்லவேண்டும். ஞாயிறு உணவு உப்பிட்ட மாட்டிறைச்சி, கோவா, உருளைக்கிழங்கு, பட்டாணிக் களி. சைவ உணவுக்காரர்கள் தலைநகருக்கு வெளியே சிறிய அரிசிக் குக்கரையும் மிளகாய்த்தூளையும் நம்புவதே நல்லது. ரம் குடிக்கவைத்து, கொட் மீனின் வாயில் முத்தமிடவைத்து, விருந்தினரை ஊராராக ஏற்கும் சடங்கு சென் ஜோன்ஸ் மதுச்சாலைகளில் கட்டணத்துக்கு நடக்கிறது. சுற்றுலாக்காரருக்கான கூத்துதான், மீன் சந்தையில் வளர்ந்தவனுக்கு அதில் பெரிய சாகசம் ஒன்றுமில்லை. அக்கோர்டியனும் ஃபிடிலுமாக வீட்டுச் சமையலறையில் கூடிப் பாடுவது வேறு. அதற்குக் காசு கேட்கமாட்டார்கள், அழைப்பு வந்தால் பாக்கியம்.

யூலை 1ஆம் திகதி நான் சென் ஜோன்ஸில் இருந்தேன். நாடெங்கும் கொண்டாட்டமான அந்நாளின் காலை அங்கே துக்கத்துக்கு உரியது. 1916இல் அதே நாளில், முதலாம் உலகப் போரில், பிரான்ஸின் போமோன்-ஹமெலில் ஏறத்தாழ 800 நியூஃபவுண்ட்லாந்து வீரர்கள் முன்னேறினார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது 68 பேரே பதில் சொன்னார்கள். அப்போது நியூஃபவுண்ட்லாந்து கனடாவின் பகுதியும் அல்ல. 1949இல்தான் கனடாவோடு இணைந்தது. காலையில் கடைகளுக்கும் வேடிக்கைகளுக்கும் திட்டம் போடாமல், போர் நினைவுத்தூபிக்குப் போய் நில்லுங்கள். அதன்பின் சிக்னல் ஹில்லுக்கு ஏறலாம். 1901 டிசெம்பர் 12 அன்று மார்க்கோனி பட்டத்தில் கட்டிய கம்பியால் அத்லாந்திக்கின் மறுகரையிலிருந்து கம்பியில்லாச் சமிக்ஞையைப் பெற்ற குன்று அது.

கடைசியாகச் சென் ஷொட்ஸ். தலைநகரிலிருந்து தெற்கே கடலோரச் சாலையில் போகவேண்டும். வழியில் நெடுந்தூரம் கைபேசித் தொடர்பு இராது. வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்து, பெற்றோலைக் கிடைத்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். ட்ரெபாஸியில் ஒரு வீட்டு விடுதியில் தங்கினேன். 56 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட உயிர்த்தடங்கள் பாறையில் பதிந்துள்ள மிஸ்டேக்கன் பொயின்ற் அருகில்தான். ஆனால் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், முற்பதிவு வேண்டும். நான் போன காலை மூடுபனி காரின் மூக்கைக்கூட மறைத்தது. வெளிச்சவிளக்கை உயர்த்திப் போட்டால் பனி வெள்ளைச் சுவராகும்; தாழ்த்திப்போட்டு ஊர்வதே வழி. சென் ஷொட்ஸில் இறங்கியபோது கடல் தெரியவில்லை, ஒலி மட்டும் கேட்டது. அந்த மூடுபனியைப் பார்த்த பிறகுதான் 1986இல் நடந்தது எவ்வளவு அரிது என்பது புரிந்தது. மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல், மொன்றியால் அருகில்தான் என்று சொல்லி அவர்களைப் படகுகளில் இறக்கிவிட்டுப் போயிற்று. நாள்கணக்கில் அலைந்தவர்களை, தம் மீன்பிடிப் படகில் போன கஸ் டால்டன் என்ற கப்டன்தான் முதலில் கண்டார். பின்னர் வேறு மீனவர்களும் கரையோரக் காவற்கப்பலும் வந்துசேர, சென் ஜோன்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். அப்போது கனடாவில் அவர்களுக்கு எதிராகக் கோபக்குரல்களும் எழுந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எந்த ஊரென்று கேட்ட முதிய மீனவர் ஒருவரிடம் சொன்னதும், கைநீட்டிப் பனிக்குள் ஒரு திசையைக் காட்டிவிட்டு, தேநீர் குடிக்க உள்ளே வரச்சொன்னார்.

திரும்பும் கப்பலுக்கு ஆர்ஜென்ஷியாவில் நேரத்தோடே போய்விடுங்கள். அங்கே ஒரு மண் சோதனை உண்டு. தீவின் மண்ணில் உருளைக்கிழங்கைத் தாக்கும் நோய்கள் இருப்பதால், மண்ணோ கிழங்கோ பெருநிலத்துக்குப் போகக்கூடாது. சேறு படிந்த வாகனத்தைக் கழுவியே ஏற்றுவார்கள். முதல்நாளே காரின் அடிப்பாகத்தையும் சக்கரங்களையும் கழுவிவிட்டால் நேரம் மிச்சம். ட்ரெபாஸி விடுதிக்காரப் பெண்மணி தம் நிலவறையிலிருந்து எடுத்துத் தந்த உருளைக்கிழங்குப் பையை நான் அங்கேயே கையளிக்கவேண்டியதாயிற்று. அவர் தந்த காட்டுப்பழ ஜாமுக்குத் தடையில்லை. அது ஸ்காபரோ வரை வந்துசேர்ந்து, பாணோடு ஒரு வாரத்தில் தீர்ந்தது.